நிர்வாகச் சட்டத் தாள்: மேல்முறையீடா, ரிட்டா என்ற கேள்விக்கு நான் படித்த விதம்

ஒரு அதிகாரி உத்தரவு போடுவார். அந்தச் சட்டத்திலேயே மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும். பாதிக்கப்பட்டவரோ அதை விட்டுவிட்டு நேரே உயர் நீதிமன்றம் போயிருப்பார். அவருடைய ரிட்டை, அதாவது அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் மனுவை, நீதிமன்றம் ஏற்கலாமா? நிர்வாகச் சட்டத் தாளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. "மாற்று நிவாரணம் இருக்கிறது, ஆகவே தள்ளுபடி" என்று இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்.

வேலூர்க்காரர்களுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வாணியம்பாடியில் ஒரு டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலைக்கு) மாசு கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் பிரிவு 28இன்படி 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகார அமைப்பிடம் போகலாம். அங்கே தோற்றால் 33பி பிரிவின் கீழ் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். ஆலையை மூடச் சொல்லி வாரியமே 33ஏ பிரிவில் உத்தரவு போட்டால் நேரே தீர்ப்பாயம்தான். இந்தப் படிகளை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள்; மற்ற சட்டங்களுக்கும் இதே கண்ணோடு பார்க்க வரும்.

இனி முக்கியமான இடம். கழிவுநீர் சாம்பிள் சரியா, சுத்திகரிப்பு போதுமா என்பதெல்லாம் மேல்முறையீட்டில் பேச வேண்டியவை. அங்கே முடிவையே மாற்றலாம். ரிட்டில் பார்ப்பது முடிவு எடுத்த விதத்தை. ஆனால் நோட்டீஸே தராமல் உத்தரவு போட்டிருந்தால்? அதை இரண்டு இடத்திலும் எழுப்பலாம். இரண்டு வழியும் ஒன்றன்மேல் ஒன்று படிவது இங்கேதான். தேர்வாளர் தேடுவதும் இதைத்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம், அரசியலமைப்பின் உறுப்பு 226 உயர் நீதிமன்றத்துக்குத் தரும் ரிட் அதிகாரத்தை மாற்று நிவாரணம் பறித்துவிடுவதில்லை. நீதிமன்றம் தானாகக் காட்டும் நிதானம் அது. அதனால் "அதிகாரம் இல்லை" என்று எழுதாமல் "வழக்கமாக ஏற்காது" என்று எழுதுங்கள். விதிவிலக்குகளுக்கு வேர்ல்பூல் வழக்கு (1998) போதும்: அடிப்படை உரிமை, இயற்கை நீதி மீறல், அதிகார வரம்பு இல்லாத உத்தரவு, சட்டத்தின் செல்லுபடியையே கேட்பது. சட்டத்தால் இந்த அதிகாரத்தை ஒழிக்க முடியாது என்பதற்கு எல். சந்திரகுமார் (1997).

நம் ஊர் வழக்கு என்பதால் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கை (1996) இந்த விடையில் திணிக்க ஆசை வரும். வேண்டாம். பாலாற்று மாசுக்காக உறுப்பு 32இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கே போன பொதுநல வழக்கு அது; மேல்முறையீட்டு வழியைத் தவிர்த்தது அங்கே பிரச்சினையே இல்லை.

அதற்குப் பதிலாக 2019 ஸ்டெர்லைட் தீர்ப்பை ஊன்றிப் படியுங்கள். பிரிவு 28 மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பாயம் விஷயத்துக்குள் போனதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலையை மூடச் சொன்ன மாநில அரசின் ஆணைமீது தீர்ப்பாயத்தில் மேல்முறையீடே கிடையாது என்றது. நிறுவனம் ரிட் வழியாக உயர் நீதிமன்றம் போகலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரிட்டுகளைத் தள்ளுபடி செய்தது.

கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் கவனியுங்கள். சட்டம் தந்த உச்சக் கெடுவும் தாண்டிய பிறகு, தவறவிட்ட மேல்முறையீட்டுக்குப் பதிலாக ரிட் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிளாக்ஸோ தீர்ப்பு (2020) இருக்கிறது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது என்பதே அதன் விடை.