செங்கோட்டைப் பக்கம் சோலார்: யூனிட் எங்கே போகிறது?

"எந்தக் கம்பெனி பேனல் போடலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நல்ல கம்பெனிகளுக்குள் வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான். மாடியில் மாட்டும் இடம் தப்பினால் இழப்பு அதைப் போலப் பல மடங்கு.

1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்பது தமிழ்நாட்டில் வழக்கமான கணக்கு. அப்படியென்றால் 3 கிலோவாட்டுக்கு 12. இது வருஷச் சராசரி. மாசி வெயிலில் 14-ஐத் தாண்டும்; மேற்கே மலையிலுள்ள புளியரைக் கணவாய் வழியாக மேகம் இறங்கிச் சாரல் பிடித்துக்கொண்டால் 5-க்கும் வரும். ஆடி மாதத்தில் ரீடிங் பார்த்து பேனலைத் திட்ட வேண்டாம்.

முதல் எதிரி தென்னை. பேனலுக்குள் இருக்கும் செல்கள், அதாவது கரண்ட் தரும் சின்னத் தகடுகள், எல்லாம் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்தத் தொடர் முழுவதற்கும் கரண்ட் குறையும். அப்போது பைபாஸ் டயோடு என்கிற மாற்றுவழிப் பாகம் கரண்டை அந்தப் பகுதியைத் தாண்டிக் கொண்டுபோகும். ஒரு பேனலில் மூன்று டயோடு. ஆகவே ஒற்றை ஓலை நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிடும். கைப்பிடிச் சுவரின் நிழல் அடிவரிசை முழுக்க ஏறுகிற மாடி என்றால் பேனலை, அதன் நீளப் பக்கம் கீழே வரும்படி, படுக்கையாக மாட்டுங்கள். இழப்பு மூன்றில் ஒரு பங்கோடு போகும். ஹாஃப்கட் (செல்களைப் பாதியாக வெட்டிச் செய்த) பேனலை, குட்டைப் பக்கம் கீழே வரும்படி, நிறுத்தி மாட்டினால் பாதி போகும். பழைய முழு செல் பேனலாக இருந்தால் கிட்டத்தட்ட எல்லாமே.

நிழலைத் தெற்கே மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நம் ஊர் 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் உச்சிவெயில் வடக்கே சாய்ந்துவிடும், ஆவணி நடுவில்தான் திரும்பும். அந்த நாலரை மாதமும் பேனலுக்கு வடக்கே நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல்மேல் விழும். மார்கழியில் தெற்குப் பக்கத்து மரத்தின் நிழல் நீளும். ஆனியிலும் மார்கழியிலும் காலை 9, மாலை 3 மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்த்த பிறகே ஸ்டாண்டுக்குக் குறி போட வேண்டும்.

சாய்வு தெற்கே 10 டிகிரி போதும். வடநாட்டுக்குச் செய்த 25 டிகிரி ஸ்டாண்டை இங்கே கொண்டுவந்து வைத்தால், ஆனி உச்சிப்பொழுதில் நேர்வெயிலில் 77 சதவீதம்தான் கிடைக்கும். 10 டிகிரியில் 91. அதற்காக மட்டமாகவும் போடாதீர்கள், மழைத்தண்ணீர் தேங்கி அழுக்கு படியும். தெற்கே இடமில்லை, கிழக்கா மேற்கா என்றால் கிழக்கே போடுங்கள். மேற்கே மலை சூரியனைச் சீக்கிரம் மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகமும் மதியத்துக்கு மேல்தான் கூடும்.

பேனலில் 540 வாட் என்று எழுதியிருப்பது செல்லின் சூடு 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது கிடைப்பது. பங்குனி மதியத்தில் அது 65-ஐத் தொடும். மோனோ பெர்க் என்ற வகைப் பேனலுக்குச் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று போட்டால் 40 டிகிரிக்கு 14 சதவீதம். 540 வாட் 464 ஆகிவிடும். டாப்கான் என்ற இன்னொரு வகையில் டிகிரிக்கு 0.30 போல. தகரக் கூரையோடு ஒட்டி மாட்டாமல் அடியில் அரை அடியாவது காற்றோட்டம் விடுங்கள். கணவாய்க் காற்று இங்கே சும்மா கிடைக்கிற கூலர். ஆனால் அதே காற்றுதான் ஆடியில் ஸ்டாண்டையும் பிடுங்கும், ஆங்கர் போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழுவுவதை வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். சூடான கண்ணாடிமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் கட்டும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. சோப்புத்தூள், இரும்பு நார் கூடவே கூடாது. அடிவிளிம்பில் கோடாகப் படியும் மண்ணைத்தான் முதலில் துடைக்க வேண்டும்.

ஒயரிலும் யூனிட் போகும். பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு (பேனலின் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) 30 மீட்டர் தூரம் என்றால், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) டிசி ஒயரில் சுமார் ஒன்றரை சதவீதம் போனால் 6 ஸ்கொயரில் ஒரு சதவீதம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் யூனிட் வரவில்லையென்றால் இன்வெர்ட்டர் ஆப்பில் மேகமில்லாத ஒரு நாளின் உற்பத்தி வரைபடத்தைப் பாருங்கள். தினமும் அதே நேரத்தில் பள்ளம் விழுந்தால் நிழல். உச்சி தட்டையாக இருந்தால் இன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது, பயமில்லை. நல்ல வெயிலில் திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கிச் சில நிமிஷத்தில் திரும்பினால் பெரும்பாலும் லைனில் வோல்டேஜ் ஏறியிருக்கும். எர்ரர் பட்டியலில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று இருக்கும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர்வரை போகும் ஏசி ஒயர் மெலிதாகவோ நீளமாகவோ இருந்தால் தடிமனான ஒயருக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் நின்றால், இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஈபி மீட்டர் இருக்கும் இடத்தில் மதிய வோல்டேஜை அளந்து எழுதி ஈபி ஆபீசில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை அவர்கள்தான் மாற்ற முடியும்.