ஆய்வுச் சுருக்கத்திலிருந்து அச்சான கட்டுரை வரை

மொழியியலில் முனைவர் பட்டம் செய்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அக்கா, நல்ல ஆய்விதழில் கட்டுரை போடுவது எப்படி?” வழிமுறையை மட்டும் சொல்வதென்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் நான் போய் வந்த வழியில் கட்டுரையைவிட, அதற்கு ஆதாரமாக இருந்த ஒலிப்பதிவுகள்தான் அதிக நேரத்தையும் யோசனையையும் கேட்டன. அந்தப் பகுதியைப் பற்றித் தமிழில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் கட்டுரை நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழியின் உயிரொலிகளைப் பற்றியது. மர்ரே எமனோ என்ற அறிஞரைத் திராவிட மொழியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மொழியியலாளர் தாமஸ் பரோவுடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் கொண்டுவந்தவர். அதற்கு முன்பே, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி தோடா, கோத்தா, படுகு, கோலாமி மொழிகளில் களப்பணி செய்தார். படுகு உயிரொலிகளைப் பற்றி 1939இல் ‘லாங்குவேஜ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உயிரொலியைச் சொல்லும்போதே நாக்கு மேல்நோக்கி வளைகிறது, அந்த வளைவிலும் அரை, முழு என்று இரண்டு படிகள் இருக்கின்றன என்றார். ‘ட’, ‘ள’ சொல்லும்போது நாக்கு வளைவது நமக்குப் பழக்கம்தான். உயிரொலியே அப்படி வளைவது உலக மொழிகளில் மிக அரிது. பிறகு வந்த ஆய்வாளர்கள் இந்த வேறுபாடு தேய்ந்துவருவதாகக் குறித்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், முதியவர்களிடம் அது எந்த அளவுக்கு நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. முடிவுகளைக் கட்டுரையிலேயே படித்துக்கொள்ளலாம். இங்கே அங்கு போய்ச் சேர்ந்த கதை மட்டும்.

முதலில் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். இந்த வரிசையை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். நேராக ஆய்விதழுக்குப் போவதைவிட, தெரிந்தவர்கள் கூடும் ஓர் இடத்தில் சொல்லிப் பார்த்துவிட்டால் எங்கே அடி விழும் என்று தெரிந்துவிடும். திராவிட மொழிகளில் வேலை செய்பவர்களுக்கு, 1971இல் தொடங்கிய திராவிட மொழியியல் சங்கம் நடத்தும் அகில இந்திய மாநாடு இருக்கிறது. மொழி ஆவணப்படுத்தலுக்கென்றே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டும் சர்வதேச மாநாடும் இருக்கிறது.

சுருக்கம் என்றால் பொதுவாக ஒரு பக்கம், எடுத்துக்காட்டுகளுக்கும் படங்களுக்கும் இன்னொரு பக்கம். எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது. பெயரை மேலே எடுத்துவிட்டால் போதாது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் கணினி தானாகவே உங்கள் பெயரைப் போட்டு வைத்திருக்கும், அதையும் நீக்க வேண்டும். ஒலியன் குறியீடுகளுக்கு டூலோஸ் எஸ்ஐஎல், காரிஸ் எஸ்ஐஎல் போன்ற யூனிகோட் எழுத்துருக்களைப் பயன்படுத்தி, கோப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள். இல்லையென்றால் மதிப்பீட்டாளரின் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். எடுத்துக்காட்டுகளை லைப்சிக் விதிகளின்படி பிரித்துக் காட்ட வேண்டும். ‘வந்தான்’ என்றால் ‘வ-ந்த்-ஆன்’ என்று கோடு போட்டு, அதன் கீழே வினை, இறந்தகாலம், படர்க்கை ஆண்பால் ஒருமை என்று அதே வரிசையில் எழுதுவது. பத்தே விதிகள், ஒரு மாலையில் படித்துவிடலாம்.

மதிப்பீடுகள் வந்தன. ஒருவர் கேட்டிருந்தார்: படுகைத் தனிமொழி என்கிறீர்கள், கன்னடத்தின் கிளைமொழி என்றும் சொல்கிறார்களே? நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு படுகைக் கன்னடத்தின் கீழே வைத்துத்தான் சுமார் 1.33 லட்சம் பேர் என்று எண்ணியது. பேசுகிறவர்களோ தங்கள் மொழியைத் தனிமொழி என்றே சொல்கிறார்கள். நான் இரண்டையும் எழுதிவிட்டு, என் பக்கம் எது என்றும் எழுதினேன். இதில் நழுவ வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மாநாட்டில் இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டது இதுதான்: “படத்தைக் காட்டுகிறீர்கள் அம்மா, நாங்கள் கேட்க முடியுமா?” ஒலியை அளக்க உதவும் பிராட் மென்பொருளில் எடுத்த அலைவரிசைப் படத்தைத் திரையில் போட்டிருந்தேன். நாக்கு வளையும்போது மூன்றாவது ஃபார்மன்ட் (ஒலியின் ஆற்றல் குவியும் அலைவரிசை) என்கிற கருப்புப் பட்டை கீழே இறங்கி, இரண்டாவதை நெருங்கும். படத்தில் அது அழகாகவே தெரியும். ஆனால் அவர் கேட்டது நியாயம். உயிரொலியைக் காதால் கேட்டவருக்குத்தான் நான் எந்த இடத்தில் வெட்டி அளந்தேன் என்று சந்தேகம் கிளப்ப முடியும். மடிக்கணினியில் இருந்ததைப் போட்டுக் காட்டினேன். அந்த அறைக்கு அது போதும். ஆய்விதழுக்குப் போதாது.

ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் பெயர் வந்த உடனே, பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். எனக்கும் வந்தன. எந்தத் துறைக் கட்டுரையையும் ஏற்கும் இதழ் மொழியியல் கட்டுரையை யாரிடம் காட்டி மதிப்பிடும் என்று யோசித்தாலே பதில் தெரிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் கொண்டுவந்த விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. தரமான இதழ்கள் என்று தான் ஏற்றவற்றின் கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டது. ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணுவது நிற்கவில்லை. அதனால் நல்ல இதழ் எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு இப்போது நம் தலையில்தான்.

நல்ல செய்தியும் உண்டு. எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு கேட்காத தரமான இதழ்கள் மொழியியலில் இருக்கின்றன. 2015இல் ‘லிங்குவா’ இதழின் ஆசிரியர் குழு, பதிப்பகத்தின் கொள்கைகளை ஏற்காமல் ஒட்டுமொத்தமாக விலகி ‘குளோசா’ என்ற திறந்த இதழைத் தொடங்கியது. ஹவாயிலிருந்து 2007 முதல் வரும் மொழி ஆவணப்படுத்தல் இதழும் இலவசம்தான். பெர்லினில் உள்ள லாங்குவேஜ் சயின்ஸ் பிரஸ் முழுப் புத்தகங்களையே இலவசமாகத் தருகிறது. நம் ஊர்க் கல்லூரி நூலகங்களில் சந்தா கட்டி வாங்க முடியாத நிலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத்தான் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்களிடம் எனக்கு உண்மையான நன்றி இருக்கிறது.

சரி, கட்டுரையை அனுப்பினேன். மாதங்கள் ஓடின. மதிப்பீடுகளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன: அளந்த சொற்களின் ஒலிப்பதிவுகள் ஒரு காப்பகத்தில் இருக்க வேண்டும், கட்டுரை அவற்றைச் சுட்ட வேண்டும். இது இன்று பல இடங்களில் எதிர்பார்க்கப்படுவதுதான். மொழித் தரவை மேற்கோள் காட்டுவதற்கான ஆஸ்டின் கொள்கைகள் 2018இல் வந்தன. அதற்குப் பிறகு ‘என் குறிப்பேட்டில் இருக்கிறது’ என்று சொல்லித் தப்ப முடிவதில்லை.

பேசியவர்கள் என் ஆய்வுக்குப் பயன்படுத்த ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். உலகமே கேட்கும்படி வைப்பது வேறு கேள்வி. கோத்தகிரிக்கு மேலே அந்த ஹட்டிக்குத் திரும்பப் போனேன். பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஒப்புதல் படிவம் மருத்துவ ஆய்வுக்காக எழுதியது. ரத்த மாதிரி, பக்கவிளைவு என்றெல்லாம் இருந்தது. நெறியாளரிடம் சொல்லி, வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாக எடுக்க அனுமதி வாங்கினேன். கேட்பது, புரிவது, பதில் சொல்வது மூன்றும் அதிலேயே பதிவாகிவிடும்.

அதிகம் பேசியிருந்த பாட்டிக்கு அவர் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு கேட்டார். சொற்பட்டியல் வந்தபோது, “இதை எதுக்கும்மா கேக்கறே, யார் வேணா கேட்டுக்கட்டும்” என்றார். ராகி விதைத்த காலத்தைப் பற்றிச் சொன்ன கதைக்கும் அதே பதில். அப்புறம் இறப்புச் சடங்கில் சொல்லும் பகுதி வந்தது. பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். “இது செத்த வீட்ல சொல்றது. உனக்குத் தெரியணும்னு சொன்னேன். வெளிய போக வேண்டாம்.” ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “எங்க பசங்க கேட்டா குடு” என்றார்.

பக்கத்தில் இருந்த அவருடைய பேரன் கல்லூரி முடித்தவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை: “இதைக் கம்ப்யூட்டருக்குப் பேசக் கத்துக்குடுக்க எடுத்துக்குவாங்களாக்கா?” எடுத்துக்கொள்ளலாம். திறந்து வைத்த எதையும் யாரும் எடுத்துக்கொள்ளும் காலம் இது. தரவைத் தேடவும் மறுபயன் செய்யவும் எளிதாக்கச் சொல்லும் ஃபேர் கொள்கைகள் 2016இல் வந்தன. தரவு யாருடையதோ அவர்களுக்கு அதன்மேல் அதிகாரமும் பயனும் இருக்க வேண்டும் என்று பழங்குடி மக்களின் அமைப்பு 2019இல் கேர் கொள்கைகளை வெளியிட்டது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் யுஜிசி பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேரனுடன் உட்கார்ந்து உரிம வகைகளைத் தமிழில் விளக்கினேன். சொற்பட்டியலும் கதைகளும் பெயர் குறிப்பிட்டு, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். சடங்குப் பகுதி பூட்டியே இருக்கும், குடும்பத்தினர் கேட்டால் மட்டும் திறக்கும்.

ஒப்புதல் கேட்பது ஆய்வுக்கு முன்னால் ஒரு கையெழுத்து வாங்குவதோடு முடிகிற வேலை என்று நம் துறைகளில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். எதைப் பதிவு செய்தோம் என்று பேசியவர் கேட்டுப் பார்த்த பிறகுதான் அவரால் உண்மையாக முடிவெடுக்க முடியும். முதல் நாளே இந்தச் சடங்குப் பகுதியைப் பற்றிக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது, ஏனென்றால் அவர் அதை அப்போது சொல்லவே இல்லை.

காப்பகங்களில், தெற்காசிய மொழிகளுக்கென்று வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கோர்சால் இருக்கிறது. லண்டனில் 2002இல் தொடங்கி 2021இல் பெர்லினுக்குப் போன எலார் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒலி சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்க வேண்டும், எம்பி3 ஆகாது. ஒவ்வொரு பதிவுக்கும் யார் பேசினார், எங்கே, எப்போது, எந்த மொழி, என்ன வகைப் பேச்சு, யார் கேட்கலாம் என்ற மெட்டாடேட்டா வேண்டும். கோப்புப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம் என்பார்கள்.

அதிக நேரம் பிடிப்பது ஈலான் வேலை. நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள் அது. ஒலி அலைக்குக் கீழே அடுக்கடுக்காக வரிகள் இருக்கும்: கேட்டபடி எழுதியது ஒன்று, உருபு பிரித்தது ஒன்று, பொருள் ஒன்று, தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று. ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணிநேரம் தாராளமாக ஓடிவிடும். நான் சந்தேகப்பட்ட பல இடங்களைப் பேரன் ஒரே தடவையில் கேட்டுச் சொன்னார். கட்டுரையில் அவரை நன்றியுரையில் மட்டும் வைப்பது சரியில்லை என்று தோன்றியது. நெறியாளரும் ஒத்துக்கொண்டார். தொகுப்பைக் காப்பகத்தில் பதியும்போது பாட்டி, பேரன், நான் மூவரும் அதை உருவாக்கியவர்கள் என்றே பதிந்தோம். கட்டுரையிலும் பேரன் இணை ஆசிரியர்.

காப்பக எண் கிடைத்ததும் திருத்திய கட்டுரையோடு ஒரு பதில் கடிதம் அனுப்பினேன். மதிப்பீட்டாளரின் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் போட்டு, என்ன மாற்றினேன், எந்தப் பக்கம், மாற்றவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள். ஒரே ஊரை வைத்துப் பொதுவாகப் பேசாதீர்கள் என்று ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்று, தலைப்பிலேயே ஊர்ப் பகுதியைச் சேர்த்தேன். இன்னொருவர் எமனோவின் முழுவளைவை நான் அளந்த இடம் தவறு என்றார். அதை ஏற்கவில்லை. ஏன் என்பதை ஒலிப்பதிவின் நேரக் குறியோடு எழுதினேன். அடுத்த சுற்றில் அவர் கேட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று ஒரே வரியில் எழுதினார். காப்பகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த வாதம் முடிந்தே இருக்காது.

கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு, விரும்பினால் வேறொரு மொழியிலும் சுருக்கம் சேர்க்கலாம் என்றது இதழ். படுகில் எழுதுவது என்று முடிவு செய்தோம். எழுத்து? சிலர் கன்னட எழுத்தில் எழுதுகிறார்கள், சிலர் தமிழில். ஊரில் பிள்ளைகள் படிப்பது தமிழ்ப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும், அதனால் தமிழ் எழுத்தையே எடுத்தோம். வளைந்த உயிருக்கு நம் எழுத்தில் குறி கிடையாது. பேரன் ஒரு புள்ளியை முயன்று பார்த்தார், பாட்டிக்குப் படித்துக் காட்டினார், இரண்டு சொற்களை மாற்றச் சொன்னார் பாட்டி. அந்த வடிவம்தான் ஆங்கிலச் சுருக்கத்துக்குக் கீழே வந்திருக்கிறது. மீதிப் பதிவுகளுக்கு இப்போது பேரனே ஈலான் அடுக்குகளைப் போடுகிறார். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னால் அடுத்த தொகுப்பை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம்.