கண்ணாடியைக் கழற்றிய மாலை

பந்தயத் தடத்தில் என் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் முதல் ட்ராக் டேக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டு வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினேன். பத்து நிமிட வேலைதான். கழற்றி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, வண்டி காதறுந்த மாடுபோல நின்றது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜிஎஸ்டி சாலையில் பதினேழு ஆண்டுகளாக அலுவலகம் போய் வருகிறேன். பின்னால் வரும் பேருந்தையும் இடப்பக்கம் நுழையும் ஷேர் ஆட்டோவையும் பக்கக் கண்ணாடிகளில் பார்த்துப் பார்த்துத்தான் இன்றுவரை முழு உடம்போடு இருக்கிறேன். பந்தயத் தடத்தில் அவை கூடாது என்கிறார்கள். விழுந்தால் கண்ணாடிச் சில்லுகள் தடத்தில் சிதறும் என்பது ஒரு காரணம். பின்னால் வருபவரைப் பார்ப்பது உங்கள் வேலையே இல்லை, முந்துகிறவர்தான் பாதுகாப்பாக முந்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் காரணம் உடனே புரிந்தது. இரண்டாவதை மனம் ஏற்க ஆறு வாரம் ஆயிற்று.

அந்த ஆறு வாரத் தயாரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக நிறையக் கற்க வேண்டியிருக்கும் என்று எண்ணித் தொடங்கினேன். சாலை எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பதிலேயே பெரும்பாலான காலம் போயிற்று.

இடம் இருங்காட்டுக்கோட்டை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், கார்த் தொழிற்சாலைகளுக்கு நடுவில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள்; வளைவுகளை சி1, சி2 என்று எண்ணிட்டே எல்லாரும் பேசுகிறார்கள். இந்தத் தடம் வருவதற்கு முன் சென்னையின் பந்தயங்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்தன. என் அப்பா இளைஞராக இருந்தபோது, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பேருந்தில் போய் அவற்றைப் பார்த்தவர். மகன் அப்படியொரு தடத்தில் வண்டி ஓட்டப் போகிறான் என்றதும் அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். "பாக்குறது வேற, ஓட்டுறது வேறப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ட்ராக் டே என்பது பந்தயம் அன்று. அணியும் இல்லை, பரிசும் இல்லை. பணம் கட்டியவர்களை அனுபவத்துக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் கால்மணி நேரம், இருபது நிமிடம் என்று முறைவைத்துத் தடத்துக்குள் விடுவார்கள். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, மணல் லாரி கொட்டிய ஜல்லி கிடக்காது. கணக்குப்படி பார்த்தால் ஜிஎஸ்டி சாலையில்தான் நான் அதிகம் பயந்திருக்க வேண்டும். ஆனால் பயம் கணக்குப் பார்த்து வருவதில்லையே. 2023 ஆகஸ்ட்டில் இதே தடத்தில் தேசியப் போட்டியொன்றில் பங்கேற்ற 13 வயதுச் சிறுவன் உயிரிழந்த செய்தி வந்த நாளை நான் மறக்கவில்லை. என் மனைவியும் மறக்கவில்லை. பதிவுப் படிவத்தோடு வந்த உறுதிமொழிப் பத்திரத்தை, அதாவது எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையதே என்று நான் கையெழுத்திட வேண்டிய தாளை, அவர் என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். வாகனக் காப்பீட்டு ஆவணத்தில், வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். ட்ராக் டேயும் அந்த விலக்குக்குள்தான் வரும் என்று மறுமுனையில் இருந்தவர் தயங்காமல் சொன்னார். ஆக, விழுந்து ஃபேரிங், அதாவது வண்டியின் வெளி மூடி, உடைந்தால் செலவு என்னுடையது. மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்கு வாசகம், மோட்டார் பந்தயம் உள்ளிட்ட ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுவோரைப் பற்றியது. நான் தொழில்முறைக்காரன் அல்லன் என்பதில் யாருக்கும் ஐயம் எழ வாய்ப்பில்லை. இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்திட்டேன். புதிதாகப் போகிறவர்கள் இந்த ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து; லெதர் சூட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கழற்றி வைக்க மிகவும் கடினமாக இருந்த பழக்கம் முன் பிரேக்கைப் பற்றியது. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பா முதல் நாளே சொன்ன பாடம், "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்பதுதான். நம் ஊரில் பாதிப் பேர் இந்தப் பாடத்தோடுதான் வளர்ந்திருப்போம். டிரம் பிரேக் வண்டியில், மணல் படிந்த தெருவில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பதறிப்போய் முன் பிரேக்கை அமுக்கினால் உண்மையில் கீழேதான் கிடப்போம். அந்த அளவில் அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வேகம் குறையும்போது வண்டியின் எடையும் நம் எடையும் முன் சக்கரத்தின்மீது சாய்வதால், பிடிப்பு அங்கேதான் கூடுகிறது. பின் சக்கரமோ லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலும் இழுபடத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நேர்பாதையின் முடிவில் பின் பிரேக்கை நம்பிப் போகிறவனுக்குத் தடம் போதாது.

ஆகவே வண்டலூருக்கு அப்பால், சாலை போட்டு வீடு கட்டாத ஒரு மனைப் பிரிவில், ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் போய் நின்றேன். முதலில் துடைப்பத்தால் மணலைப் பெருக்கினேன். காவலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. சுண்ணக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு கிழித்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து, நின்ற இடம்வரை தப்படியால் அளந்தேன். என் பழக்கப்படி பின் பிரேக்கை மட்டும் மிதித்தபோது 27 தப்படி. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தபோது முதல் நாள் 22. மூன்றாம் ஞாயிறு 17. லீவரைப் படக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல முதலில் மெல்லத் தொட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அந்த அரை நொடிப் பொறுமையில்தான் ஐந்து தப்படி ஒளிந்திருந்தது. பயிற்சியாளர்கள் புதியவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறார்கள்: பிரேக் வேலையை வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கும் திரும்பலுக்கும் அதே சம்பளத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தாராளமாகச் செலவிட்டால் இருபதாம் தேதிக்குள் கை காலியாகிவிடும்.

அடுத்தது கண். சாலையில் என் பார்வை முன் சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து அடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பள்ளமும் மூடியில்லாத சாக்கடையும் அங்கேதானே இருக்கின்றன. தடத்தில் அப்படிப் பார்த்தால் வேகம் உள்ளதைவிட இரு மடங்காகத் தோன்றும், வளைவு திடீரென்று முளைத்ததுபோல இருக்கும். வளைவுக்கு வெளிப்புறத்திலிருந்து நுழைந்து, உட்கரையைத் தொட்டு, மறுபடி வெளியே விரிந்து போவதுதான் பந்தயக் கோடு. அதில் உட்கரையை எட்டுவதற்கு முன்பே கண் வெளியேறும் இடத்துக்குப் போய்விட வேண்டும். சொல்வது எளிது. மனைப் பிரிவில் இரண்டு செங்கற்களை வைத்து எட்டு வடிவம் போட்டுப் பழகியபோது, தெருவோரம் கிடந்த ஒரு கருங்கல்லைப் பார்த்து, "இதில் மட்டும் ஏறிவிடக் கூடாது" என்று நினைத்தபடியே அதன்மீது கச்சிதமாக ஏறினேன். அவ்வளவு பெரிய காலி இடத்தில் அந்தக் கல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. கண் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் வண்டி போகும் என்று எத்தனையோ காணொளிகள் சொல்லியும் புரியாதது, முன் சக்கரம் அந்தக் கல்லில் இடித்த சத்தத்தில் புரிந்தது. அன்றுமுதல் அலுவலகம் போகும் வழியில்கூட முகவாய்க்கட்டையைத் தோளை நோக்கித் திருப்பி, திரும்பலின் முடிவைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர், "கழுத்துப் பிடிச்சிக்கிச்சா சார்?" என்று கேட்டார்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன் பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால் மாற்றினோம்; கறுத்துப்போயிருந்த பிரேக் ஆயிலையும் மாற்றினோம். பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சுபோல அமுங்கும் என்று விளக்கினார் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். செயினைச் சரிபார்த்தார், என்ஜின் ஆயில் போல்ட்டுகளை இறுக்கிப் பெயிண்டால் கோடு போட்டார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்து, ஓடிச் சூடேறிய பின் மறுபடி அளக்கச் சொன்னார். சூட்டில் காற்று விரிந்து அழுத்தம் தானே ஏறும் என்பதால், சாலை அளவிலேயே விட்டுவிட்டால் நடுப்பகல் வெயிலில் டயர் கல்லாகிவிடும். முன் விளக்கு, பின் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றின்மீதும் நானே டேப் ஒட்டினேன்.

லெதர் சூட் வாடகைக்குக் கிடைத்தது. அதை முதல்முறை மாட்ட இருபத்தைந்து நிமிடமும் மனைவியின் உதவியும் தேவைப்பட்டன. வண்டிமேல் குனிந்து உட்காரும் வடிவத்துக்கே தைக்கப்பட்டது என்பதால் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. கூன் விழுந்த விண்வெளி வீரனைப்போல ஹாலில் நடந்தேன். என் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். ஆனால் முதுகுக் கவசத்தோடு, கையுறையோடு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தது வீண் போகவில்லை. சென்னை வெயிலில் முதலில் களைப்பது கை அன்று, கவனம். அதனால் முந்தைய நாளே தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். ஓஆர்எஸ் பொட்டலங்களும் மோரும் எடுத்து வைத்தேன். மதியத்துக்கு மேல் களைப்பாகத் தோன்றினால் கடைசிச் சுற்றை விட்டுவிடுவது என்று மனைவியிடம் வாக்கும் கொடுத்தேன்; அதற்கு அவர் சாட்சியாக மகளை அழைத்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் பேடாக்கில், அதாவது தடத்துக்கு வெளியே வண்டிகளைத் தயார்செய்யும் இடத்தில், இருந்தேன். பரிசோதகர் பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தார், ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டு அது தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தார், ஹெல்மெட்டின் இரட்டை வளைய வாரை என் கழுத்தோடு சேர்த்து இழுத்துப் பார்த்தார். விளக்கக் கூட்டத்தில் கொடிகளைக் காட்டினார்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகம் குறைத்துப் பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, திரும்ப வேண்டும், மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடத்தில் வழுக்கல். பிட்டுக்குள் வருவதற்கு முன் கையைத் தூக்க வேண்டும். எல்லாவற்றையும் பரீட்சைக்குப் போகும் பையனைப்போல உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். கையுறை மாட்டியபிறகு அதைப் படிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

புதியவர் குழுவை அழைத்தார்கள். பயிற்சியாளரின் வண்டி முன்னால், நாங்கள் எட்டுப் பேர் வரிசையாகப் பின்னால். முதல் சில சுற்றுகள் மெதுவாக, யாரும் யாரையும் முந்தாமல், கோட்டைக் காட்டிக் கொடுப்பதற்காக மட்டும். வாய் உலர்ந்திருந்தது, முழங்கால் பெட்ரோல் டேங்கோடு சேர்ந்து நடுங்கியது. பிட் லேன் முடிவில் நின்றவர் பச்சைக் கொடியை அசைத்தார். முகவாயை உயர்த்தி, தொலைவில் பார்த்து, தடத்துக்குள் நுழைந்தேன்.

முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான், மீட்டரில் ஒரு பச்சை அம்புக்குறி மினுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பிரதான சாலையில் சேரும்போது போடுவதுபோல, டேப் ஒட்டிய இண்டிகேட்டரைப் போட்டிருக்கிறேன்.