கறுப்பு கார் பாலிஷ்: பானெட், கூரை, டிக்கி முடிந்தன

வெள்ளைக் காரில் விழும் அதே மெல்லிய கீறல்தான் கறுப்புக் காரிலும் விழுகிறது. கறுப்பில் அது ஒளியைச் சிதறடித்து வெளுப்பாகத் தெரிவதால், வெயிலில் நிறுத்தினால் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி சிலந்திவலை பின்னியது மாதிரி நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் செடானில் இந்த வலை கூரை முதல் டிக்கி வரை இருந்தது. அதோடு தாம்பரம் பக்கத்து போர் தண்ணீர் விட்டுப்போன உப்புக் கறை வேறு.

மெஷினை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: முடிந்தவரை குறைவாகத்தான் தேய்ப்பது. பெயின்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. வெயிலைத் தாங்குவதும் அதுதான், பாலிஷ் போடும்போது தேய்ந்து போவதும் அதுதான். போனது திரும்ப வராது.

கழுவி முடித்ததும் உப்புக் கறையைப் பார்த்தேன். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, துணியை நனைத்து சிறிது நேரம் கறைமேல் போட்டு, நன்றாகக் கழுவி விட்டேன். மேலோட்டமான கறை போய்விட்டது. கிளியர் கோட்டையே அரித்துக் குழியாக்கியவை மட்டும் நின்றன. ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் அடுத்து, பெயின்டில் ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்தேன். இரும்புத் துகள் இருந்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழிந்தது. அப்புறம் ஷாம்பு தண்ணீர் விட்டு, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார். பிளாஸ்டிக் கவருக்குள் விரலை விட்டு பெயின்டைத் தடவினால் சொரசொரப்பு நன்றாகவே தெரியும். அது போகும்வரை செய்தால் போதும். கிளே தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டினால் அதுவே கீறும்.

மெஷின், சுழன்றபடியே 15 மி.மீ. வட்டத்தில் அசையும் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும், ஆனால் பழகாத கையில் சூடேறி, கறுப்பில் வெயில் பட்டால் மினுங்கும் ஹாலோகிராம் கோடுகளை விட்டுவிடும். பானெட்டில் இரண்டடிச் சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்து, மென்மையான பேடில் (மெஷின் முனையில் ஒட்டும் பஞ்சு) மெகுயர்ஸ் எம்205 என்ற மெல்லிய பாலிஷ் போட்டுப் பார்த்தேன். பளபளப்பு வந்தது, வலை பாதிதான் குறைந்தது. அதே எம்205-ஐ கொஞ்சம் கடினமான அடுத்த கட்ட பேடில் போட்டதும் வலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. (பேடின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) எனவே எம்205-ஐவிட அதிகம் வெட்டும் எம்105 காம்பவுண்டை, காக்கை எச்சம் அரித்த ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் திறந்தேன். அதன் மேல் மறுபடி எம்205 ஓட்டித்தான் மங்கல் போனது.

பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது ரொம்ப உதவியது. அதிகம் அழுத்தினால் பேட் சுழல்வது நின்று, வெறுமனே அதிரும். கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெயில் ஏறும் முன் வேலையை முடித்தேன். சூடான கறுப்பு பானெட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பிடித்துக்கொள்ளும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே மெஷினை நிறுத்தவே கூடாது.

துடைத்தவுடன் தெரியும் பளபளப்பை நம்ப வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு பகுதியையும் முடிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

பாதுகாப்புக்கு இப்போதைக்கு பாலிமர் சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு. கார்னோபா மெழுகின் ஆழமான நிறம் எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் கறுப்பு பானெட்டின் மேல் அது சீக்கிரம் போய்விடும். செராமிக் கோட்டிங்குக்குத் தூசியில்லாத மூடிய இடம் வேண்டும், போட்ட பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. திட்டாகக் காய்ந்துவிட்டால் மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், அது கிளியர் கோட்டுக்குச் செலவு. போர் தண்ணீர் மேலே காய்ந்தால் செராமிக்கிலும் கறை விழும்.

இனி கழுவுவது இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் கையுறையை அலசத் தண்ணீர்), மைக்ரோஃபைபர் கையுறையில்தான். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். வாட்ச்மேன் அண்ணனிடமும் "தூசி இருந்தா பரவாயில்லண்ணே, காஞ்ச துணி மட்டும் போடாதீங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வலையில் பெரும்பகுதி காய்ந்த துணியில் பிறந்ததுதான்.

அடுத்தது கதவுகள். டிரைவர் பக்கம் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு சாவிக் கீறல் இருக்கிறது. அதை மெஷினால் எடுக்கப் போனால் கிளியர் கோட்டே போய்விடும் என்பதால், விளிம்பை மட்டும் மழுக்கிவிட்டு விடப்போகிறேன். முன் பம்பர் மறுபெயின்ட் ஆனது போலத் தெரிகிறது. இரும்புத் தகடுக்கான பெயின்ட் தடிமன் மீட்டர் பிளாஸ்டிக்கில் அளக்காது, பிளாஸ்டிக்கில் சூடும் சீக்கிரம் தேங்கும். ஆகவே அங்கே மெஷின் கிடையாது, கையால் எம்205 மட்டும்.