கன்டெய்னர் யார்டில் விளையாட்டு வழியே பாதுகாப்புப் பயிற்சி

சென்னை மணலியில், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் பாதுகாப்புப் பயிற்சியைக் கவனித்துவருகிறேன். 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகம், அங்கே கிடந்த அம்மோனியம் நைட்ரேட்டால் வெடித்துச் சிதறிய சில நாட்களில், 2015-இல் பறிமுதல் செய்யப்பட்டு மணலியிலேயே கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றப்பட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் ஆபத்தான சரக்கு பற்றிய வகுப்புக்கு ஆட்கள் அக்கறையோடுதான் வந்தார்கள். ஆனால் திரையில் ஓடியதை அடுத்த வாரம் கேட்டால் பாதிகூட மனதில் நின்றிருக்காது.

விளையாட்டு முறைக்கு மாறுவது என்று முடிவானதும் முதலில் வந்தது ஒரு செல்போன் செயலி. சரியான விடைக்குப் புள்ளி, புள்ளிக்கேற்பத் தரவரிசை என்பது அதன் ஏற்பாடு. படித்துப் பழகிய இளைஞர்களே எப்போதும் மேலே இருந்ததால், பல ஆண்டுகளாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவரும் பெரியவர்கள் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். தரவரிசையை நீக்கச் சொல்லி, மூத்தவரும் புதியவரும் கலந்த அணிகளாகப் பிரித்து, சீட்டாட்டம் ஒன்றைத் தொடங்கினோம்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கன்டெய்னர், அதன் மேல் ஒட்டும் அபாயச் சின்னம். தரையில் வரைந்த யார்டு வரைபடத்தில் எதை எதன் அருகே வைக்கலாம் என்று அணி கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். வைத்ததற்குக் காரணம் சொன்னால்தான் புள்ளி. "ரெண்டுலயும் நெருப்புதானே சார் இருக்கு, சேர்த்து வெச்சா என்ன?" என்று ஓர் ஆபரேட்டர் அண்ணன் கேட்ட கேள்வியில்தான் பயிற்சி சூடுபிடித்தது. சிவப்புச் சின்னம் எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கானது. மஞ்சளில் நெருப்புக்குக் கீழே ஒரு வட்டம் இருக்கும், அது ஆக்ஸிஜனைக் கொடுத்துத் தீயை வளர்க்கும் சரக்கு, அம்மோனியம் நைட்ரேட் அந்த வகையைச் சேர்ந்தது, ஆகவே இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பதை அவருடைய அணியிலிருந்த பையனே விளக்கினான். ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் படம் போதுமானதாக இருந்தது.

விபத்தில்லாத மாதத்துக்குப் பணப் பரிசு தரலாம் என்ற யோசனையை நான் உறுதியாக எதிர்த்தேன். பணம் கைக்கு வரும் என்றால், கையில் பட்ட காயத்தைக்கூடச் சக ஊழியர்களுக்காக மறைப்பார்கள். அதற்குப் பதிலாக, நூலிழையில் தப்பிய சம்பவத்தையோ கண்ணில் பட்ட குறையையோ சொல்லும் அணிக்குப் புள்ளி என்று வைத்தோம். சொன்னவர் மீது நடவடிக்கை இல்லை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அப்படி முதலில் வந்த தகவல்களில் ஒன்று, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் வண்டி திரும்பும் இடத்தில் ஆட்கள் நடப்பதற்கான மஞ்சள் கோடு அழிந்துபோனது பற்றியது. அந்த வாரமே கோடு புதிதாகப் போடப்பட்டது. சொன்னவரின் அணிக்குப் புள்ளியும் ஏறியது.