மிலான் தீர்மானமும் எங்கள் வகுப்பறையும்

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பேச்சுப் பயிற்சிதான் எல்லாம். பிள்ளையின் கையை என் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவேன். வாய்க்கு நேரே பிடித்த காகிதத் துண்டு ஆடும்வரை ‘ப’ சொல்ல வைப்பேன். ‘பாப்பா’வும் ‘மாமா’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். பார்த்தே பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது பாடத்திட்டம் போட்டவர்களின் ஆசை. சைகை செய்தால் “கையைக் கட்டு” என்று அதட்டல் விழும். சாயங்காலம் விடுதிப் பக்கம் போனால் அத்தனை கைகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். சின்னவர்களுக்குப் பெரியவர்களே வாத்தியார்கள்.

இந்தத் தடையின் வேரைத் தேடிப் படித்தபோது 1880-ல் இத்தாலியின் மிலானில் நடந்த மாநாட்டில் போய் நின்றேன். சைகையைவிடப் பேச்சு முறையே மேல் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்கிறவர்கள்!

அதற்கு முந்தைய கதைதான் எனக்குப் பிடித்தது. பாரிஸில் லெப்பே என்ற பாதிரியார் 1760 வாக்கில் தன் வீட்டிலேயே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பள்ளி நடத்தினார். பிள்ளைகளின் சைகைகளையே எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணத்துக்குத் தானும் சில சைகைகளைச் சேர்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் முறையைத் திறந்து காட்டினார். பிரிட்டனில் இதே போன்ற பள்ளிகளை நடத்திய பிரெய்ட்வுட் குடும்பமோ தங்கள் முறையைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து கற்க வந்த காலடெட் அங்கே கதவு திறக்காததால்தான் பாரிஸுக்குப் போனார். கஞ்சத்தனத்தாலும் சில நேரம் நல்லது நடக்கும்போல.

பாரிஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர் லோரன் கிளெர்க். அவருக்கும் காது கேட்காது. அவருக்குப் பாடம் சொன்ன மாஸ்யூவுக்கும் கேட்காது. 1816-ல் கிளெர்க்கும் காலடெட்டும் ஒன்றாகக் கப்பலேறினார்கள். வழியில் கிளெர்க் சைகை கற்றுக்கொடுக்க, காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. மிலானுக்குப் பிறகு பல நாடுகளில் கிளெர்க் போன்றவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். வாயால் பேசிக் காட்டமுடியாதவருக்கு வகுப்பில் என்ன வேலை என்று கேட்டுவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் படித்து முடித்தவர்களைத் தையல் கற்றுத்தர எடுப்பார்கள். பாடம் நடத்த எடுக்கமாட்டார்கள். ஒருமுறை கணக்கு டீச்சர் நீண்ட விடுப்பில் போனதால், தையல் அக்காவே பின்னம் நடத்தினார். ஒரு முழத் துணியை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் என்று கையாலேயே விளக்கினார். மாதக் கணக்கில் திணறிய பிள்ளைகள் மளமளவென்று போட ஆரம்பித்தார்கள். டீச்சர் திரும்பி வந்ததும் அக்காவைத் தையல் மெஷினுக்கே அனுப்பிவிட்டார்கள்.