32உம் மனப்பாடம்

உயர்தர வகுப்பில் எங்கள் தமிழ் சேர் பாடத்தை விட்டு விலகிப் போவதில் பேர்போனவர். ஒரு மத்தியானம் அப்படித்தான் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைச் சொல்லும் மெய்ப்பாட்டியலுக்குப் போய்விட்டார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி என்கிற கோபம், உவகை. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம், ஆக 32. எல்லாம் மனப்பாடம். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், நான்காவது தம் இறை, அதாவது அரசன் என்றார். கொழும்பில் காலி வீதியின் நாலு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு வந்த பிள்ளைகள் நாங்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. சேர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, வெகுளிக்கு வருவம்" என்றார்.

1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். அப்பாவுக்குக் கோட்டையில்தான் வேலை. வெள்ளவத்தை வீட்டில் அம்மா சாமி அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தா. பொழுதுபட அப்பா வந்து சேர்ந்தார், நடந்தே, சட்டையெல்லாம் தூசி. சொன்ன முதல் வார்த்தை: "ஆர் இந்தக் கேற்றைப் பூட்டாமல் விட்டது?" அரை மணித்தியாலம் கத்தினார். பிறகு தேத்தண்ணி குடித்தார். அந்த நாளைப் பற்றி வீட்டில் அதற்குமேல் பேச்சே இல்லை.

போன மாரியில் லண்டனில் என் மகள் ரயிலைத் தவறவிட்டு, போனில் சார்ஜும் இல்லாமல், இரவு ஒரு மணிக்கு வந்தாள். நான் கத்தியது அவள் சப்பாத்தைக் கழற்றிவைத்த இடத்துக்காக.

பிரஷருக்காக நான் போய்ப் பார்த்த வைத்தியர் என்னை உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பியிருந்தார். கத்துவதற்கு முந்திய நிமிடம் உடம்பு எப்படி இருந்தது என்று அவர் கேட்டார். கோபம் என்றேன். "உடம்பைக் கேட்டேன்." யோசித்தால், கை குளிர்ந்திருந்தது, வயிறு இழுத்துப் பிடித்திருந்தது. மெய்ப்பாடு என்றால் மெய்யில் படுவது என்று சேர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வெகுளி அல்ல, அச்சம்.

தன் உணர்வுக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்ஸிதைமியா என்று கிரேக்க மொழியில் பெயர் வைத்தாராம். எங்களுக்கா சொல் இல்லை? எல்லாம் சோதனைத்தாளில் எழுதத்தான் இருந்தன. பிள்ளை பிந்தி வருவதுதான் சேரின் பட்டியலில் இல்லை.

"பயந்துபோனேன்" என்று மகளிடம் சொல்ல மூன்று நாள் எடுத்தது. "தெரியும் அப்பா" என்றாள்.

அந்தத் துணிவில் கொழும்புக்குப் போன் எடுத்து, "அண்டைக்குப் பயந்தனீங்களா அப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடற்கரை ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது.

"கேற் திறந்து கிடந்ததடா" என்றார்.